ஒரே ஊர், ஆறு கல்லாப்பெட்டி: சென்னைப் பேருந்துக்குப் பணம் ஏன் கடைசியில் வருகிறது?

(நமது தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத நண்பர்கள் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் போகும்போது படிங்க, உட்கார இடம் கிடைச்சா.)



கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் யாருடையது? இந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பஸ் நிற்கிற இடம், அதனால போக்குவரத்துத் துறையோடதுன்னு நினைப்போம். 88 ஏக்கரில் அதைக் கட்டியது சிஎம்டிஏ. அது வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கீழ் வருவது. உள்ளே வருகிற வெளியூர் வண்டிகள் விரைவுப் போக்குவரத்துக் கழகமும் மற்ற கோட்டங்களும் ஓட்டுபவை. அங்கிருந்து நகருக்குள் வருகிற பஸ் எம்டிசி, அதாவது மாநகரப் போக்குவரத்துக் கழகம். வாசலில் போகிற ஜிஎஸ்டி சாலை தேசிய நெடுஞ்சாலை. எதிர்ப்பக்கம் தண்டவாளம் தெற்கு ரயில்வே. விமான நிலையத்திலிருந்து அங்கே வரைக்கும் 15.46 கிலோமீட்டர் மெட்ரோவை நீட்டிக்கத் திட்ட அறிக்கை தயாரித்தது சிஎம்ஆர்எல், அதாவது மெட்ரோ நிறுவனம். ஒரே இடம், ஆறு கல்லாப்பெட்டி.

2023 டிசம்பர் 30 அன்று முனையம் திறந்தாச்சு. அன்னைக்கு அங்கே ரயில் நிலையம் கிடையாது. மின்சார ரயில் கண்ணெதிரே தாண்டிப் போகுது, ஆனா ஏறணும்னா வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போகணும். ரயில்வே ஏன் முன்னாடியே ஒரு நிலையம் கட்டலைன்னு கோபப்படலாம். அவங்க நாற்காலியில உட்கார்ந்தும் ஒரு நிமிஷம் யோசிங்க. கோயம்பேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டை இங்கே மாற்றுவது மாநில அரசின் முடிவு. அதற்கு ரயில்வே எதுக்குத் தன் பணத்தைப் போடணும்? கடைசியில் சிஎம்டிஏ சுமார் 20 கோடி ரூபாயை ரயில்வேக்குக் கொடுத்து, நிலையம் கட்டும் வேலை நகர்ந்தது.

முனையத்துக்கு ஆன செலவு 390 கோடிக்கு மேல். அதோட பக்கத்துல 20 கோடி பெரிய தொகையே இல்லை. ஆனா அந்த 20 கோடி யார் பெட்டியிலிருந்து வரணும்னு திட்டம் போடுகிற அன்றைக்கே முடிவு பண்ண ஆள் இல்லை. அந்த இடைவெளியை அடைச்சது பையையும் குழந்தையையும் தூக்கிக்கிட்டு நடந்த ஜனங்க.

இன்னைக்கு நான் பேச வந்தது இதைத்தான். நம்ம ஊர்ப் போக்குவரத்து அமைப்புகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. பயணியைப் பிடிக்கப் போட்டி போட்டா நமக்கு லாபம். இவங்க போட்டி போடுவது நிதிக்கு.

யார் கை எங்கே நீளும்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி விஷயம் புரிஞ்சிடும். எம்டிசி மாநிலப் போக்குவரத்துத் துறையின் கீழே. டிக்கெட் காசும் மாநில அரசு தருகிற மானியமும்தான் அதுக்குச் சோறு. சிஎம்ஆர்எல் 2007-இல் தொடங்கிய நிறுவனம், மத்திய அரசும் மாநில அரசும் பாதிப்பாதிப் பங்கு. மாநிலத்தில் அது சிறப்பு முயற்சிகள் துறையின் பொறுப்பு. புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும் டெல்லி ரயில்வே அமைச்சகத்துக்குப் பதில் சொல்பவை. நடைபாதையும் பஸ் நிழற்குடையும் மாநகராட்சியின் கையில். நிழற்குடையில் மாட்டுகிற விளம்பரத்தின் வருமானமும் அங்கேதான் போகுது. பஸ்ஸுக்காகத்தான் ஜனங்க அங்கே நிற்கிறாங்க, அவங்க நிற்பதால்தான் விளம்பரத்துக்கு மதிப்பு. ஆனா அந்தக் காசு பஸ் ஓட்டுகிற கழகத்துக்கு வராது.

இப்போ எண்களுக்கு வரேன். நான் மெக்கானிக்கல் படிச்சவன், எண் இல்லாம வாதம் பண்ணா எனக்குத் தூக்கம் வராது.

2024 முழுவதும் சென்னை மெட்ரோவில் நடந்த பயணங்கள் 10.52 கோடி. நாளைக்குச் சராசரி மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. எம்டிசியில் ஒரே நாளில் முப்பது லட்சத்துக்கு மேல். தோராயமா ஒண்ணுக்குப் பத்து.

பணம் எப்படிப் போகுது? மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்க, கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல் வரும். ஒரு பஸ் ஒரு கோடி ரூபாய்னு தாராளமா வெச்சுக்கிட்டா, ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் விலையில் 500 பஸ். எம்டிசியிடம் மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம் பஸ்தான் இருக்கு.

எத்தனை இருக்கணும்? ஒரு லட்சம் பேருக்கு 60 பஸ் இருந்தால் நல்ல சேவைன்னு மத்திய நகர்ப்புற அமைச்சகமே ஓர் அளவுகோல் வெச்சிருக்கு. 2011 கணக்கெடுப்பில் சென்னையும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து சுமார் 86 லட்சம் பேர். அந்தப் பழைய கணக்குக்கே ஐயாயிரம் பஸ்ஸுக்கு மேல் வேணும். இன்னைக்கு ஊர் எவ்வளவு வீங்கியிருக்குன்னு ஓஎம்ஆரில் இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டெல்லி பட்ஜெட்டிலும் இதே கதைதான். 2024-25 பட்ஜெட்டில் நாடு முழுவதுமான மெட்ரோ திட்டங்களுக்கு 21,000 கோடிக்கு மேல் ஒதுக்கினாங்க. நகரப் பேருந்துகளுக்கான பிஎம் இ-பஸ் சேவா திட்டத்துக்கு அதே ஆண்டு 1,300 கோடி.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன், இல்லைன்னா பதிவின் கீழே வந்து திட்டுவீங்க. நான் மெட்ரோவுக்கு எதிரி கிடையாது. நாலு பெட்டி மெட்ரோ ரயில் ஒன்றில் 1,276 பேர் போகலாம். அத்தனை பேரை அண்ணா சாலையில் பஸ்ஸில் ஏற்றினா சாலை நின்னுடும். கூட்டம் அதிகமான தடத்துக்கு மெட்ரோ வேணும். ஆனா மெட்ரோ நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி வீடு இருக்கிறவருக்கு அந்த ஒன்றரை கிலோமீட்டர்தான் பிரச்சனை. ராமாபுரத்தின் உள் தெருவுக்கு மெட்ரோ வராது. சின்ன பஸ்தான் வரணும்.

அப்போ பணம் ஏன் ஒரு பக்கமாவே சாயுது? யாரோ சதி பண்றாங்கன்னு நான் நினைக்கலை. கடன் கொடுக்கிறவங்களோட வசதி இதில் பெரிய காரணம். மெட்ரோ என்பது ஒரு கட்டுமானம். தொடங்கும் தேதி, முடியும் தேதி, தூண், சுரங்கம், ரிப்பன் வெட்டுகிற நாள் எல்லாம் இருக்கு. ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கின்னு கடன் தர வரிசையா ஆள் வரும். பஸ்ஸுக்கும் இப்போ கடன் வருது, இல்லைன்னு சொல்லலை. ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி பஸ் வாங்க உதவியிருக்கு. உலக வங்கி உதவியோடு 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து முதல் 120 மின்சாரப் பேருந்துகள் ஓட ஆரம்பிச்சுது. ஆனா பஸ் சேவையின் பெரிய செலவு பஸ் வாங்குவதில் இல்லை. டிரைவர், கண்டக்டர், டீசல், டயர், பணிமனை, இதெல்லாம் தினமும் வரும், என்றைக்கும் முடியாது. கண்டக்டர் சம்பளத்துக்குக் கடன் தர எந்த நாட்டு வங்கியும் வராது. அதை மாநில பட்ஜெட்தான் தரணும். அந்த வரிசையில் பஸ்ஸோடு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ரேஷன் அரிசியும் நிற்குது.

மகளிர் கட்டணமில்லாப் பயணம் நல்ல உதாரணம். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்கள் காசில்லாமல் போகிறார்கள். அந்தத் தொகையை அரசு கழகங்களுக்கு ஈடு செய்கிறது. மக்களின் பையில் காசு மிச்சமானது உண்மை, வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டில் கேட்டா தெரியும். ஆனா அந்தத் தொகை ஓடுகிற பஸ்ஸை ஓட வைக்கத்தான். புது பஸ், புது டிரைவர், புது பணிமனை என்பதற்குத் தனியா பணம் வேணும். கூட்டம் ஏறினா பஸ்ஸும் ஏறணும் இல்லையா?

இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கான இழுபறி இன்னொரு பாடம். 2021 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபர் 3. நடுவில் மூன்றரை வருஷம் அது மாநிலத் திட்டமாவே ஓடுச்சு. செலவின் பெரும்பகுதி மாநிலத்தின் தலையில், கடனும் மாநிலத்தின் கடன் வரம்புக்குள்ளே. ஒப்புதலுக்குப் பிறகு கணக்கு இப்படி: மத்திய அரசின் பங்கு 7,425 கோடி, மாநிலத்தின் பங்கு 22,228 கோடி, கடன் 33,593 கோடி. அரசியலா இதை எப்படிப் பேசுவதுன்னு உங்களுக்கே தெரியும், அதை மேடைப் பேச்சாளர்களுக்கு விட்டுடறேன். எனக்கு உறுத்துவது வேற. ஒரு மாநிலம் வருஷத்துக்கு இவ்வளவுதான் கடன் வாங்கலாம்னு வரம்பு இருக்கு. அதில் மெட்ரோ ஓர் இடத்தைப் பிடிச்சா, மற்ற எல்லாத்துக்கும் அந்த அளவுக்கு இடம் குறையும். டெல்லியும் சென்னையும் கயிறு இழுத்தப்போ நடுவில் நசுங்கியதில் பஸ்ஸும் உண்டு. அதைப் பற்றி அப்போ ஒரு டிவி விவாதம்கூட நடந்ததா எனக்கு ஞாபகம் இல்லை.

ஆற்காடு சாலை, பூந்தமல்லி சாலை, ஓஎம்ஆர் பக்கம் இருக்கிறவங்களுக்கு அடுத்தது நல்லா புரியும். மெட்ரோ வேலைக்காகச் சாலையில் தடுப்பு வைக்கிறாங்க, பஸ் சுற்றிக்கிட்டுப் போகுது. நாளைக்கு எட்டு டிரிப் அடிக்கிற வண்டி ஆறு டிரிப்தான் அடிக்க முடியுதுன்னு வையுங்க. டீசல் எம்டிசி கணக்கில் ஏறும். வசூல் எம்டிசி கணக்கில் இறங்கும். வசூல் குறைஞ்சா கண்டக்டர், டிரைவரின் கலெக்‌ஷன் பேட்டாவும் குறையும். இந்தப் பக்கம் தூண் எழும்பியதை முன்னேற்றம்னு படம் போடுறாங்க, அந்தப் பக்கம் பஸ் கழகம் நஷ்டம்னு தலைப்பு வருது. இரண்டு செய்தியும் ஒரே சாலையைப் பற்றியது.

மெட்ரோவுக்கு ஆள் சேர்க்க நிலையங்களிலிருந்து சின்ன பஸ் விடணும்னு எல்லோரும் சொல்றோம். சரி. அந்தச் சின்ன பஸ்ஸில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் டிக்கெட். அதில் வருகிற நஷ்டம் பஸ் கழகத்துடையது. அதில் ஏறி வருகிற பயணியால் கிடைக்கிற முப்பது, நாற்பது ரூபாய் மெட்ரோவுடையது. எம்டிசி மேலாளரா உங்களை உட்கார வெச்சா, இருக்கிற நாலு வண்டியை அங்கே அனுப்புவீங்களா, இல்ல வசூல் கொட்டுகிற பிராட்வே தடத்துக்கு அனுப்புவீங்களா? அந்த மேலாளரைத் திட்டி என்ன பயன்? அவர் முன்னாடி வெச்சிருக்கிற கணக்குப் புத்தகம் அப்படி.

பறக்கும் ரயிலையும் பார்த்துடலாம். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-இல் மயிலாப்பூர், 2007-இல் வேளச்சேரி. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் வெறும் ஐந்து கிலோமீட்டர். பரங்கிமலையில் புறநகர் ரயில் இருக்கு, மெட்ரோ இருக்கு, மூணையும் இணைச்சா தென்சென்னையின் தலைவலியில் பாதி போகும். செலவில் மாநிலம் இரண்டு பங்கு, ரயில்வே ஒரு பங்குன்னு 2008-இல் வேலை தொடங்கினாங்க. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் நிலத்தில் நின்னுது. வீட்டுக்காரர்கள் சரியான இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போனாங்க, அது அவங்க உரிமை. நிலம் எடுத்துத் தரவேண்டியது மாநிலம், பாலம் கட்டவேண்டியது ரயில்வே. இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, பத்து வருஷத்துக்கு மேல போச்சு. 495 கோடியில் முடியவேண்டியது 700 கோடியைத் தாண்டுச்சு. அந்தக் காலத்தில் தயாராயிருந்த தூண்களின் கீழே நடந்து போனவங்களுக்குத் தெரியும், அவ்வளவு கான்கிரீட்டும் ஒரு டிக்கெட்கூட விற்காமல் நின்னுக்கிட்டு இருந்தது.

பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைக்கலாம் என்கிற பேச்சும் பல வருஷமா ஓடுது. கொள்கை அளவிலான ஒப்புதல் ரயில்வே வாரியத்திடமிருந்து 2025-இல்தான் வந்தது. நிலம் யாருக்கு, கட்டடத்தின் மதிப்பு எவ்வளவு, ஊழியர் யார் கணக்கில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. கோப்பு நடக்கிற வேகத்தில் நிலையத்து எஸ்கலேட்டர் ஓடினாகூட பரவாயில்லை.

சரி, இதையெல்லாம் ஒரு குடையின் கீழ் கொண்டு வரத்தானே கும்டா இருக்குன்னு கேட்பீங்க. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். சட்டம் நிறைவேறியது 2010. முதலமைச்சர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். நடுவில் இரண்டு ஆட்சி, பன்னிரண்டு வருஷம். அதனால இந்தக் குறையை எந்த ஒரு கட்சியின் மேலயும் மட்டும் போட்டுட முடியாது. மெட்ரோவுக்கு மத்திய உதவி வேணும்னா இப்படி ஓர் அமைப்பு இருந்தாகணும்னு 2017 மெட்ரோ கொள்கையில் நிபந்தனை போட்ட பிறகுதான் பல மாநிலங்களுக்கு இதன் ஞாபகமே வந்தது.

கும்டா ஒரு நல்ல வேலை பண்ணியிருக்கு. 2025 செப்டம்பர் 22 அன்று வந்த சென்னை ஒன் செயலி. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூணுக்கும் ஒரே க்யூஆரில் டிக்கெட். நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன், இத்தனை அமைப்புகளின் சர்வரை ஒன்றோடொன்று பேச வைப்பது எவ்வளவு கஷ்டம்னு தெரியும். உழைச்சவங்களுக்குப் பாராட்டு.

ஆனா டிக்கெட் ஒண்ணாச்சே தவிர, கட்டணம் ஒண்ணாகலை. பஸ்ஸில் ஏறினா குறைந்தபட்சம் 5 ரூபாய். இறங்கி மெட்ரோ ஏறினா அங்கே தனியா குறைந்தபட்சம் 10 ரூபாய். மறுபடி பஸ் ஏறினா மறுபடி முதலிலிருந்து. எம்டிசியின் ஆயிரம் ரூபாய் மாதப் பாஸை மெட்ரோ வாசலில் காட்டினா கேட் திறக்காது. வண்டி மாறி மாறிப் போகிறவர் யாரு? பெரும்பாலும் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்க முடியாதவர். அவர்தான் ஒவ்வொரு மாறுதலுக்கும் புதுசா காசு கட்டுறார்.

சிங்கப்பூரில் உறவுக்காரர்கள் இருக்கிறவங்க இங்கே நிறைய பேர் இருப்பீங்க, கேட்டுப் பாருங்க. அங்கே 1995-இல் நாலு துறைகளை இணைச்சு நிலப் போக்குவரத்து ஆணையம்னு ஒண்ணு ஆக்கினாங்க. 2010 முதல் பஸ்ஸிலிருந்து ரயில் மாறினாலும் மொத்த தூரத்துக்குத்தான் கட்டணம், ஏறுகிற ஒவ்வொரு தடவைக்கும் கிடையாது. 2016-லிருந்து பஸ் டிக்கெட் வருமானம் அரசுக்குப் போகுது, ஓட்டுகிற நிறுவனத்துக்குச் சேவைக்கு இவ்வளவுன்னு ஒப்பந்தத் தொகை. பஸ் பயணியை ரயிலிடம் இழப்போமோங்கிற பயம் பஸ் நிறுவனத்துக்கு இல்லை. அது சின்ன ஊர், ஒரே அரசு, நமக்குப் பொருந்தாதுன்னு சொல்லலாம். ரயில்வே டெல்லியிடம் இருப்பதால் முழுசா பொருந்தாதுதான். ஆனா எம்டிசி, சிஎம்டிஏ, மாநகராட்சி மூன்றும் மாநிலத்தின் கையில். சிஎம்ஆர்எல் பாதி மாநிலத்துடையது. அந்த நாலு கணக்கையாவது ஒரு மேஜைக்குக் கொண்டு வர யார் தடுக்குறாங்க?

ஒரே கல்லாப்பெட்டி வெச்சா பெரிய ஆள் சின்ன ஆளை விழுங்கிடுவான் என்கிற பயம் எனக்கும் உண்டு. மும்பையில் பாருங்க. புதுப் புது மெட்ரோ தடங்கள் ஒரு பக்கம் திறக்குறாங்க, மாநகராட்சியின் பெஸ்ட் நிறுவனத்தின் சொந்த பஸ்கள் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வந்து, 2025 மே மாதம் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாய் ஆச்சு. அதனால பெட்டியை ஒண்ணாக்கும்போதே பங்கையும் எழுதி வைக்கணும். நான் கேட்பது மூணு விஷயம். சென்னைப் போக்குவரத்துக்கு வருகிற மாநிலப் பணம் கும்டா வழியா போகட்டும். அதில் பஸ்ஸின் பங்கு பயணிகள் எண்ணிக்கையை வெச்சு, குறைந்தபட்சம் இவ்வளவுன்னு சட்டத்திலேயே இருக்கட்டும். மெட்ரோ தடத்தின் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அதுக்கான இணைப்புப் பேருந்தின் ஐந்து வருஷச் செலவும், வேலை நடக்கும்போது எம்டிசிக்கு ஆகிற நஷ்டமும் சேர்ந்தே வரட்டும். 63,246 கோடியில் அது ஓர் ஓரத்தில் அடங்கிப்போகிற தொகை. ஆனா தனியா எம்டிசி போய்க் கேட்டா அதுக்கு வருஷக்கணக்கில் பதில் வராது.

இதை நம்ம தேர்தல் அறிக்கைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். எழுதிக் கொடுத்தா மட்டும் வந்துடும்னு நம்புகிற வயசு எனக்கு இல்லை. மெட்ரோவுக்குப் படம் இருக்கு, வரைபடம் இருக்கு, திறப்பு விழா இருக்கு. பஸ் வராத நாற்பது நிமிஷத்துக்குப் படம் கிடையாது. அதை நாமதான் எண்ணாக்கணும்.

அதனால வட்டப் பொறுப்பாளர்களுக்கும் இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை. வர்ற திங்கள் முதல் சனி வரை, உங்க ஸ்டாப்பில் காலை 8 மணியிலிருந்து 9 மணி வரைக்கும் எந்தத் தட எண் எத்தனை தடவை வந்தது, எத்தனை வண்டி நிறுத்தாமல் போச்சு, மெட்ரோ அல்லது ரயில் நிலையத்துக்கு நேரடி பஸ் இருக்கா, இந்த மூணையும் குறிச்சு வையுங்க. செயலி காட்டுகிற நேரத்தை எழுதாதீங்க, கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. ஸ்டாப் பெயர், வார்டு எண், தேதியோடு இந்தப் பதிவின் கீழே போடுங்க. ஞாயிற்றுக்கிழமை நாங்க உட்கார்ந்து வார்டு வாரியா தொகுத்து, கும்டாவுக்கும் எம்டிசிக்கும் ஒரே மனுவா கொடுக்கப் போறோம். எண்ணூர், மணலி, பெரும்பாக்கம் பக்கத்துத் தோழர்கள் கட்டாயம் அனுப்புங்க. போன தடவை அங்கேயிருந்துதான் ஒரு வரிகூட வரலை.